பேஸ்மென்ட்டில் மழைநீர் தேங்காமல் இருக்க: பெங்களூருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பம்ப் பராமரிப்பு வழிகாட்டி

பெங்களூருவில் வீடு பார்க்கும்போது எல்லோரும் தண்ணீர் வருகிறதா என்றுதான் கேட்கிறோம். காவிரி இணைப்பு உண்டா, போர்வெல் ஓடுகிறதா, கோடையில் எத்தனை டேங்கர் வாங்குகிறார்கள் என்றெல்லாம் விசாரிப்போம். பேஸ்மென்ட்டுக்குள் வரும் தண்ணீரை வெளியேற்ற என்ன ஏற்பாடு என்று கேட்பவர்கள் குறைவு. அதை வீட்டில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். வாடகைக்கு இருந்தாலும் சரி, சொந்த வீடானாலும் சரி, உங்கள் வண்டி நிற்பது அங்கேதான். பல கட்டடங்களில் கரண்ட் மீட்டர், லிஃப்ட்டின் அடிக்குழி, குடிநீர்த் தொட்டி எல்லாமே அங்கேதான் இருக்கின்றன.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் எப்படி வெள்ளம் வரும் என்று ஊரிலிருந்து பெற்றவர்கள் போனில் கேட்பார்கள். ஊர் மேட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் ஏகப்பட்ட மேடு பள்ளம். மேட்டில் விழும் மழை ராஜகாலுவே எனப்படும் பெரிய வாய்க்கால்கள் வழியாக ஏரிக்கு ஏரி இறங்கிப் போக வேண்டும். அந்த வழிகள் குறுகிப்போன இடங்களில் தண்ணீர் ரோட்டில் ஏறுகிறது. 2022 செப்டம்பர் 4 இரவு சுமார் 130 மி.மீ. மழை கொட்டியபோது பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கத்தில் எத்தனையோ பேஸ்மென்ட்டுகள் மூழ்கின. 2024 அக்டோபரில் எலஹங்காவிலும், 2025 மே மாதத்தில் நகரின் பல பகுதிகளிலும் அதே கதைதான்.

முதலில் மின்சாரம்

2025 மே மாத மழையின்போது பி.டி.எம். லேஅவுட் பகுதியில் ஒரு அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட்டில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்றபோது மின்சாரம் தாக்கி இருவர் இறந்துபோனார்கள். ஒருவன் 12 வயதுச் சிறுவன். அதனால் பம்பைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்: தண்ணீர் நிற்கும் பேஸ்மென்ட்டுக்குள், கரண்ட் முழுவதும் துண்டிக்கப்பட்டது உறுதியாகத் தெரியாமல், யாரும் இறங்கக் கூடாது. கார் மூழ்கினாலும் பரவாயில்லை.

பம்பின் கன்ட்ரோல் பேனல் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பேஸ்மென்ட் தூணில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தால், வெள்ளம் வரும் நாளில் அதை நெருங்கவே முடியாது. பேனலைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லி அசோசியேஷனில் கேளுங்கள். அது முடியாவிட்டால், பேஸ்மென்ட்டின் மொத்த சப்ளையையும் மேலே நின்றபடியே நிறுத்துவதற்கு ஒரு ஐசொலேட்டராவது தரைத்தளத்தில் வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, பம்புக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கசிவு மின்சாரம் வந்தால் கண நேரத்தில் சப்ளையை வெட்டுவது அதுதான். அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும் வெறும் எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். மழை நேரத்தில் அது அடிக்கடி விழுகிறது, தொந்தரவு என்று சிலர் அதைத் தவிர்த்து நேர் லைன் கொடுத்துவிடுகிறார்கள். அடிக்கடி விழுகிறது என்றால் பம்பிலோ கேபிளிலோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அந்தப் பம்பை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்டுங்கள். நேர் லைன் கொடுக்க யாரையும் விடாதீர்கள்.

குழியைக் கண்டுபிடியுங்கள்

இங்கே சம்ப் என்றால் குடிநீர்த் தொட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நாம் தேடுவது அதையல்ல. பேஸ்மென்ட்டின் தாழ்வான மூலையில், இரும்புக் கிரேட்டிங் மூடிய ஒரு குழி இருக்கும். ராம்ப்பின் அடியில் குறுக்காக ஓடும் வாய்க்காலும் தரையோர வாய்க்கால்களும் வந்து சேரும் இடம் அது. பெரிய கட்டடங்களில் இப்படி நான்கைந்து குழிகள்கூட இருக்கலாம். எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு ஒரு வரைபடம் வரைந்து செக்யூரிட்டி அறையில் ஒட்டுங்கள்.

குழிக்கு மேலேயே யாருக்காவது பார்க்கிங் ஒதுக்கியிருப்பதும் சகஜம். கார்க்காரர் சாவியோடு ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் மழை கொட்டும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அவரிடம் நல்லபடியாகப் பேசி வேறு இடம் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு சாவியாவது பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

கிரேட்டிங்கைத் தூக்கி உள்ளே பார்த்தால், தண்ணீருக்குள் மூழ்கிய பம்ப் ஒன்றோ இரண்டோ, கேபிளில் தொங்கும் பந்து போன்ற ஃப்ளோட், மேலே போகும் டெலிவரி பைப், அதில் ஒரு வால்வு, தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. எல்லாம் தெரியும். தண்ணீர் ஏறும்போது ஃப்ளோட் மிதந்து சாய்ந்து மோட்டாரை ஆன் செய்யும், இறங்கினால் நிறுத்தும். பேனலில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கும். அது எப்போதும் ஆட்டோவில் இருக்க வேண்டும். சுத்தம் செய்ய வந்தவர் ஆஃப் பண்ணிவிட்டு அப்படியே போய்விடுவதால் மூழ்கிய பேஸ்மென்ட்டுகள் உண்டு.

சேறு எடுப்பது

டிசம்பரோடு மழை குறைந்துவிடும். ஏப்ரலில் மாம்பழ மழை என்று சொல்லும் கோடை மழை தொடங்கும். அதற்கு முன் மார்ச் கடைசியில் ஒருமுறை, செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன் ஆகஸ்டில் ஒருமுறை என்று குழியைத் தூர்வார வேண்டும். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் மாதம் ஒருமுறை பாருங்கள். ஜல்லித்தூளும் சிமென்ட் கலந்த மண்ணும் ராம்ப் வழியாக இறங்கிக் குழியில் கல்லாக இறுகிவிடும்.

பம்பைக் கெடுப்பது பெரும்பாலும் மழைநீரல்ல, அதோடு வருகிற பொருள்கள். குல்மொஹர் இலை, பார்சல் பெட்டியிலிருந்து உதிர்ந்த தெர்மாக்கோல், பிளாஸ்டிக் கவர், கார் துடைத்த துணியின் நூல் இவையெல்லாம் பம்பின் சல்லடையை அடைத்து, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். பேஸ்மென்ட்டில் கார் கழுவுவதை நிறுத்தினாலே பாதித் தொல்லை குறையும்.

வேலை செய்யும் முறை இதுதான். பேனலில் சப்ளையை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்குங்கள் அல்லது பூட்டுப் போடுங்கள். பம்பை அதற்குக் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்துத் தூக்குங்கள். கரண்ட் கேபிளைப் பிடித்து இழுத்தால் கேபிள் நுழையும் இடத்தில் சீல் விட்டுப்போய் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். சங்கிலி இல்லையென்றால் முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்று வாங்கி மாட்டுங்கள். பிறகு சல்லடையைக் கழற்றி அலசி, இம்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஓடாத பம்பில் துரு ஏறி இறுகியிருக்கும்.

குழி இடுப்பளவுக்கு மேல் ஆழமாகவோ நாற்றமடிப்பதாகவோ இருந்தால் ஆளை இறக்காதீர்கள். சாக்கடையோ, கட்டடத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி.யின் கழிவோ கலந்த குழியில் விஷவாயு இருக்கும், உள்ளே போனவர் நொடியில் மயங்கி விழுவார். உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

பெரும்பாலான கட்டடங்களில் சோதனை என்பது ஸ்விட்சைப் போட்டு "ஓடுது சார்" என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. சத்தம் வருவது வேறு, தண்ணீர் வெளியே போவது வேறு. மாதம் ஒருமுறை, வறண்ட ஜனவரியிலும்கூட, ஹோஸ் போட்டுக் குழியை நிரப்பிச் சோதியுங்கள். எஸ்.டி.பி.யில் சுத்திகரித்த தண்ணீர் இருந்தால் அதுவே போதும், காவிரித் தண்ணீரை வீணாக்க வேண்டாம்.

ஸ்விட்ச் ஆட்டோவிலேயே இருக்கட்டும். தண்ணீர் ஏறும்போது ஃப்ளோட்டைக் கவனியுங்கள். சுவரிலோ பைப்பிலோ பக்கத்துக் கேபிளிலோ மாட்டாமல் மிதக்கிறதா? மாட்டுகிறது என்றால் அதன் கேபிளைச் சற்றுக் குட்டையாக்கிக் கட்டினால் சரியாகிவிடும். குழிக்குள் வரும் வாய்க்கால் பைப்பின் வாயைத் தண்ணீர் தொடும் முன்பே மோட்டார் ஆன் ஆக வேண்டும். சல்லடை வெளியே தெரிந்து காற்றை உறிஞ்சும் முன் நிற்க வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் ஒருவர் மேலே போய், பைப் வெளியேறும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பாருங்கள். இதை அளந்தே தெரிந்துகொள்ளலாம். குழி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் 10 செ.மீ. உயரத்துக்கு 100 லிட்டர் கணக்கு. ஹோஸை நிறுத்திவிட்டு, மட்டம் 30 செ.மீ. இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 90 வினாடி என்றால் நிமிடத்துக்கு 200 லிட்டர், மணிக்கு 12,000 லிட்டர். இந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே 30 செ.மீ. இறங்க இரண்டரை நிமிடம் ஆனால் எங்கோ அடைப்பு, அல்லது இம்பெல்லர் தேய்ந்துவிட்டது.

இந்த 12,000 லிட்டர் போதுமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். மேலே கூரையில்லாத ராம்ப் 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் என்றால் 100 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 5,000 லிட்டர் உள்ளே வரும். அதற்கு இந்தப் பம்ப் தாராளம். ஆனால் வளாகத்தின் திறந்தவெளி 200 சதுர மீட்டரும் அதே குழிக்குச் சரிந்திருந்தால் 15,000 லிட்டர், அதாவது பெரிய டேங்கர் ஒன்றுக்கும் மேலே. அப்போது ஒரு பம்ப் தோற்றுவிடும். இரண்டாவது பம்பும் சேர்ந்து ஓடும்படி, சற்று உயரத்தில் இன்னொரு ஃப்ளோட் வைக்க வேண்டும். அதற்கும் மேலே அலாரம் ஃப்ளோட் ஒன்று. அலாரம் ஒலிப்பது செக்யூரிட்டி அறையில் கேட்க வேண்டும். பேஸ்மென்ட்டில் ஒலித்து என்ன பயன்?

மோட்டார் நின்றதும் காதைக் கொடுங்கள். பைப்பிலிருந்து தண்ணீர் சலசலவென்று குழிக்குள் திரும்பி விழுந்தால் என்.ஆர்.வி. பிடிக்கவில்லை. உள்ளே கல்லோ பிளாஸ்டிக்கோ மாட்டியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யலாம். அப்படியே விட்டால் அதே தண்ணீரையே பம்ப் திரும்பத் திரும்ப இறைத்து மோட்டார் சூடேறிப் போகும்.

சத்தம் வருகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, காற்று அடைப்பு. சப்ளையை நிறுத்திவிட்டு, பம்பைச் சங்கிலியால் சற்றுத் தூக்கிச் சாய்த்து இறக்கினால் காற்று வெளியேறும். அடிக்கடி வந்தால், என்.ஆர்.வி.க்குக் கீழே டெலிவரி பைப்பில் 3 மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள். மற்றது, த்ரீ ஃபேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது. வெளியே கேபிள் வேலை முடிந்து ஃபேஸ் மாறியிருந்தால் இப்படி ஆகும். தண்ணீர் மிகக் குறைவாகத்தான் வரும். எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் சரி.

எலக்ட்ரீஷியன் வரும்போதே கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். பம்பின் மேல் தகட்டில் எழுதியதைவிட அதிகம் இழுத்தால் இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் போய்விட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்து மோட்டாரின் இன்சுலேஷனும் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பம்பைக் கழற்றி வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். ஆயில் சேம்பர் உள்ள பம்பில் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் மெக்கானிக்கல் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. அடுத்த மழைவரை தாங்கும் என்று விடக் கூடாது.

கரண்ட் போனால்

மழை வலுத்தால், இங்கே மின்சாரம் வழங்கும் நிறுவனமான பெஸ்காமின் சப்ளையும் போகும். லிஃப்ட்டும் மாடிப்படி விளக்கும் ஜெனரேட்டரில் ஓடும், ஆனால் இந்தப் பம்ப் அந்த லைனில் இருக்காது. நிறைய இடங்களில் இது முதல் வெள்ளத்தன்றுதான் தெரியவருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயினை நிறுத்தி, ஜெனரேட்டரில் பம்பை ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன தலைகீழ்ச் சுற்று ஜெனரேட்டருக்கு மாறும்போதும் வரலாம், அதனால் வெளியே தண்ணீர் விழும் வேகத்தையும் பார்க்க வேண்டும். டீசல் எவ்வளவு இருக்கிறது, பேட்டரி சார்ஜ் நிற்கிறதா என்பதையும் மழை மாதங்களில் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜெனரேட்டரே இல்லாத சின்னக் கட்டடம் என்றால் டீசல் இறைப்பான் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று முன்பே விசாரித்து வையுங்கள். அதைத் தெருமட்டத்தில் வைத்து, ஹோஸை மட்டும் கீழே இறக்க வேண்டும். இன்ஜினைப் பேஸ்மென்ட்டுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறைந்து, வாசனையே தெரியாமல் உயிரைக் குடிக்கும்.

தண்ணீர் எங்கே போய் விழுகிறது

டெலிவரி பைப் ரோட்டோர மழைநீர் வாய்க்காலில் முடிய வேண்டும். பாதாளச் சாக்கடையில் இணைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மழையில் சாக்கடை நிரம்பி, தரைத்தளக் கழிவறைகள் வழியாகவே திரும்பி வரும். பைப்பின் வாய் வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

ரோட்டிலிருந்தே தண்ணீர் கேட்டைத் தாண்டி ராம்ப்பில் இறங்குகிறது என்றால் எந்தப் பம்பாலும் ஈடுகொடுக்க முடியாது. கேட்டருகே ராம்ப்பின் தலைப்பில் வேகத்தடை மாதிரி ஒரு மேடு, அதன் உள்பக்கம் கிரேட்டிங் போட்ட குறுக்கு வாய்க்கால், தாழ்வான பகுதியாக இருந்தால் இரும்புச் சட்டத்தில் செருகும் தடுப்புப் பலகை இவைதான் தீர்வு. மணல் மூட்டைகளை மே மாதத்திலேயே நிரப்பி வையுங்கள்.

புதிது வாங்கும்போது

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரமே ஏற்றாமல் இறைத்தால் கிடைப்பது. குழியின் அடியிலிருந்து ரோட்டு மட்டம்வரை உயரத்தை அளந்து, பைப்பின் வளைவுகளுக்காகக் கொஞ்சம் சேர்த்து, ஹெட் எனப்படும் அந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்று பம்பின் அட்டவணையில் பாருங்கள். ஒரே பேஸ்மென்ட் என்றால் சுமார் 5 மீட்டர், இரண்டடுக்கு என்றால் 8, 9 மீட்டர் வரும். கடையில் போர்வெல் பம்பையோ சுத்தத் தண்ணீர் பம்பையோ தள்ளிவிடப் பார்ப்பார்கள். சேற்றுநீர் இறைக்கும் டிவாட்டரிங் பம்ப் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி ஓட்டுங்கள். உதிரி ஃப்ளோட் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். விலை அதிகமில்லை, இரவில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மழை கொட்டும் இரவில்

இரவு இரண்டு மணிக்குக் குழிக்குப் பக்கத்தில் இருப்பது வாட்ச்மேன்தான். அவர் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் நோட்டீஸ் ஒட்டினால் அவருக்கு உதவாது. எந்த ஸ்விட்ச், எந்த வரிசை என்பதைச் சிவப்புப் பெயின்ட்டில் 1, 2, 3 என்று எழுதி, அவரையே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பணிநேரம் மாறும் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும். முக்கியமாக, தண்ணீர் தரையில் ஏறிவிட்டால் கீழே இறங்கக் கூடாது, மேலேயிருந்து சப்ளையை வெட்டிவிட்டு ஆட்களை எழுப்ப வேண்டும் என்பதை அவர் மனதில் பதியும்படி சொல்லுங்கள்.

தண்ணீர் வரத் தொடங்கியதுமே லிஃப்ட்டை மேல்தளத்தில் நிறுத்திவிடுங்கள். ஈ.வி. சார்ஜர்களின் சப்ளையை வெட்டுங்கள். வண்டிகளைத் தரை உலர்ந்திருக்கும்போதே மேலே கொண்டுவந்துவிட வேண்டும், கணுக்கால் நனைந்த பிறகு வேண்டாம். பெஸ்காம் சப்ளையை வெளியிலிருந்து துண்டிக்க 1912, ஆபத்து என்றால் 112. இரண்டையும் பேனல் கதவில் எழுதி வையுங்கள்.

வடிந்த பிறகு

தண்ணீர் போய்விட்டது என்று உடனே சப்ளை கொடுக்காதீர்கள். நனைந்த பேனல், மீட்டர் பெட்டி, சுவர் பிளக் எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியன் உலர்த்திச் சோதித்த பிறகே ஆன் செய்ய வேண்டும். நனைந்த காரை ஸ்டார்ட் செய்யாமல் கட்டியிழுத்துப் போகச் சொல்லுங்கள். மழை விட்ட பிறகும் சில நாள் சுவரோரம் ஊற்று கசியும், ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடங்களில் வாரக்கணக்கில்கூட வரும். அதனால் பம்பை ஆட்டோவிலேயே விட்டு, தினம் ஒருமுறை பாருங்கள்.

வெள்ளம் குடிநீர்த் தொட்டியின் மூடியைத் தொட்டிருந்தாலே அந்தத் தண்ணீரை நம்ப வேண்டாம். முழுவதும் இறைத்துக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, மாடித் தொட்டியையும் அதேபோல் சுத்தம் செய்த பிறகே வீடுகளுக்குத் திறந்துவிடுங்கள். அதுவரை சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணீர்தான்.